டிசி யாரைச் சோதிப்பார்?

செம்பூரில் ஹார்பர் லைன் லோக்கல் வந்து நிற்கிறது. கறுப்புக் கோட்டு போட்ட டிசி, அதாவது டிக்கெட் பரிசோதகர் ஒருவர் ஏறுகிறார். அவர் பார்க்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: முதல் வகுப்புப் பெட்டியில் இருப்பவரிடம் முதல் வகுப்பு டிக்கெட் இருக்க வேண்டும்.

நான்கு பயணிகள். முதலாமவர் முதல் வகுப்புப் பெட்டியில் இருக்கிறார். அவரிடம் என்ன டிக்கெட் என்று தெரியாது. இரண்டாமவர் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் இருக்கிறார். அவருடைய டிக்கெட்டும் தெரியாது. மூன்றாமவர் முதல் வகுப்பு டிக்கெட் வாங்கியவர், ஆனால் எந்தப் பெட்டியில் ஏறினார் என்று தெரியாது. நான்காமவர் வாங்கியது இரண்டாம் வகுப்பு டிக்கெட், ஏறிய பெட்டி தெரியாது. விதி மீறப்படுகிறதா என்று கண்டுபிடிக்க டிசி யார் யாரைச் சோதித்தே ஆக வேண்டும்?

மும்பையில் வளர்கிற பிள்ளைக்கு இது ஒரு கேள்வியா! முதலாமவரையும் நான்காமவரையும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் இடிபட்டுக்கொண்டு நிற்பவரின் பையில் முதல் வகுப்பு பாஸ் இருந்தால் அது அவர் தலையெழுத்து. விதிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாமவரும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

சரி, இப்போது நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேசை மேல் உங்களுக்குத் தெரிவது: அ, க், 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும். விதி சரியா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைப் புரட்ட வேண்டும்? கீழே படிக்காமல் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பெரும்பாலோர் 'அ', '4' என்பார்கள். சரியான விடை 'அ', '7'. நான்கின் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி உடையாது. ஏழின் பின்னால் உயிரெழுத்து ஒளிந்திருந்தால்தான் உடையும். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966இல் லண்டனிலிருந்து வெளியிட்ட புதிர் இது. அவர் கேட்டது ஆங்கில எழுத்துகளை வைத்து. படித்த பெரியவர்களிடம் கேட்டபோதும் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் சரியாகச் சொன்னார்கள். அட்டைப் புதிரையும் டிசி புதிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கணக்கு. டிக்கெட் என்றதும் நமக்குத் திருட்டுப் பயணி ஞாபகம் வருகிறார்; விதியை யார் உடைப்பார் என்று மனம் தானாகத் தேடுகிறது. எழுத்தும் எண்ணும் வந்ததும் அந்தத் தேடல் நின்றுவிடுகிறது. விதிக்கு ஒத்துவரும் அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

தர்க்கம் படிப்பது என்றால் பெரும்பாலும் இந்தத் தேடலைப் பழகுவதுதான். ஒரு வாக்கியத்தைக் கேட்டதும், 'எது நடந்தால் இது பொய்யாகும்?' என்று கேட்கும் பழக்கம். அதைக் கற்றுக்கொடுக்கும் புத்தகங்கள் எவை என்று செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் சில பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

முதலில், எதை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பக்கத்திலேயே விஜேடிஐ, ரூயா, ரசாயனத் தொழில்நுட்பக் கழகம் எல்லாம் இருப்பதால் கல்லூரிப் புத்தகங்கள் மலைபோல் கிடக்கும். அங்கே போய் 'லாஜிக்' என்று கேட்டால் கடைக்காரர் வங்கித் தேர்வுக்கான 'ரீசனிங்' புத்தகத்தை எடுத்து நீட்டுவார். முப்பது நொடியில் விடை குறிக்கும் குறுக்குவழிகள் அதில் இருக்கும். வேலைக்குத் தேர்வு எழுதும் அண்ணன்களுக்கு அது வேண்டியதுதான். பதினோரு வயதில் அதைத் தொட்டால் யோசிப்பதற்கு முன்னாலேயே ஓடப் பழகிவிடுவீர்கள்.

அதே கடையில் இன்னொரு புத்தகத்தைத் தேடுங்கள். அதன் பெயரே 'இந்தப் புத்தகத்தின் பெயர் என்ன?' என்பதுதான். ஆங்கிலத்தில் 'வாட் இஸ் த நேம் ஆஃப் திஸ் புக்?'. பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் 'அதைத்தானே நானும் கேட்கிறேன்' என்பார், பொறுமையாக விளக்குங்கள். எழுதியவர் ரேமண்ட் ஸ்மல்யன், வெளிவந்த ஆண்டு 1978. ஸ்மல்யன் மேடையில் மந்திர வித்தை காட்டிப் பிழைத்தவர், பியானோ வாசிப்பவர், பிறகு பிரின்ஸ்டனில் கணிதத் தர்க்கத்தில் முனைவர் பட்டம் வாங்கிப் பேராசிரியர் ஆனவர். 2017இல் 97 வயதில் காலமானார்.

அவர் தர்க்கத்துக்குள் விழுந்த கதையை அந்தப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே சொல்கிறார். 1925 ஏப்ரல் 1. சின்னப் பையன் ரேமண்ட் காய்ச்சலில் படுத்திருக்கிறான். பத்து வயது மூத்த அண்ணன் காலையில் வந்து, 'இன்றைக்கு உன்னை இதுவரை யாரும் ஏமாற்றாத மாதிரி ஏமாற்றப் போகிறேன்' என்கிறான். பையன் நாள் முழுக்கக் காத்திருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. இரவில் அண்ணன் சொல்கிறான்: 'நான் ஏமாற்றுவேன் என்று எதிர்பார்த்தாய் அல்லவா? நான் ஏமாற்றவில்லை அல்லவா? அப்படியென்றால் ஏமாந்துவிட்டாய்!' அன்று இரவு விளக்கை அணைத்த பிறகும் பையனுக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஏமாந்தேனா, இல்லையா? ஏமாறவில்லை என்றால் எதிர்பார்த்தது நடக்கவில்லை, ஆகவே ஏமாந்தேன். ஏமாந்தேன் என்றால் எதிர்பார்த்தது நடந்துவிட்டது, பிறகு எப்படி ஏமாந்தேன்?

ஸ்மல்யனின் புகழ்பெற்ற புதிர்கள் ஒரு தீவில் நடக்கின்றன. அங்கே சிலர் எப்போதும் உண்மையே பேசுவார்கள், மற்றவர்கள் எப்போதும் பொய்யே பேசுவார்கள். பார்த்தால் அடையாளம் தெரியாது. அந்த மாதிரியில் நானே ஒன்று போடுகிறேன். தீவில் வேலு, மணி என்று இரண்டு பேர். வேலு சொல்கிறான்: 'நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகை.' மணி சொல்கிறான்: 'வேலு பொய்யன்.' யார் எந்த வகை?

வேலு உண்மை பேசுபவன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவன் சொன்னபடி மணியும் உண்மை பேசுபவன். ஆனால் மணி 'வேலு பொய்யன்' என்கிறானே! முட்டுகிறது. ஆகவே வேலு பொய்யன். அவன் சொன்னது பொய் என்பதால் இருவரும் வேறு வேறு வகை; மணி உண்மை பேசுபவன். எல்லாம் பொருந்துகிறது. இதில் ரசமான ஒரு விஷயம் இருக்கிறது. மணியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேலு பேசியதே போதும். வேலு உண்மையன் என்றாலும் மணி உண்மையன், வேலு பொய்யன் என்றாலும் மணி உண்மையன். ஏன் என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். மணி வாய் திறந்தது வேலுவைக் காட்டிக்கொடுக்கத்தான்.

ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு, அது எங்கே முட்டுகிறது என்று பார்ப்பது கணக்காசிரியர்கள் நாள்தோறும் செய்கிற வேலை. ஸ்மல்யன் அதை விளையாட்டாக்கிக் கையில் கொடுக்கிறார். புத்தகத்தின் கடைசிப் பகுதி கோடெல் என்ற பெரிய தர்க்கவியலாளரின் தேற்றம் வரை போகிறது. அது இப்போது புரியாவிட்டால் போகட்டும், காலேஜ் போன பிறகு திரும்பி வாருங்கள். இதே ஆசிரியரின் 'த லேடி ஆர் த டைகர்?' 1982இல் வந்தது. அதில் அறைக் கதவுகளில் ஒட்டிய அறிவிப்புகளை வைத்தே புலி எந்த அறையில் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலாவதை வாங்குங்கள்.

பத்து வயதுக்காரர்களுக்கு ஸ்மல்யன் கொஞ்சம் கெட்டி. அவர்களுக்கு 'மாஸ்கோ பஸில்ஸ்'. போரிஸ் கொர்டெம்ஸ்கி 1950களில் ரஷ்ய மொழியில் வெளியிட்டது. ஆங்கிலப் பதிப்பைச் செப்பனிட்டவர் மார்ட்டின் கார்ட்னர். தீக்குச்சி, படகு, காசு என்று 359 புதிர்கள். பாதிக்கு மேல் கணக்குத்தான், ஆனால் கை பழகுவதற்கு நல்லது.

காசே இல்லாமல் ஒன்று வேண்டுமா? லூயிஸ் கரோலைத் தேடுங்கள். ஆலிஸ் கதை எழுதினாரே, அவர்தான். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர், சொந்தப் பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். பிள்ளைகளுக்காக 'த கேம் ஆஃப் லாஜிக்' என்று ஒரு சிறு நூல் எழுதினார். அதோடு கட்டம் போட்ட அட்டையும் ஒன்பது வில்லைகளும் கொடுத்தார்கள், நான்கு சிவப்பு, ஐந்து சாம்பல். 'இங்கே ஏதோ இருக்கிறது' என்றால் சிவப்பு வில்லை வைக்க வேண்டும், 'இங்கே ஒன்றுமே இல்லை' என்றால் சாம்பல். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் குட்டன்பர்க் இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். வில்லைக்கு கேரம் காய் போதும்.

கரோலுக்குக் கிறுக்குத்தனமான வாக்கியங்கள் பிடிக்கும். ஏன் என்று என் பூனைகளைப் பாருங்கள். எங்கள் சால் குடியிருப்பில் உள்ள பூனைகள் எல்லாம் மீன் தின்னும். மீன் தின்னும் பூனை எதுவும் மழையில் நனையாது. வீணை வாசிக்கும் பூனைகள் எல்லாம் மழையில் நனையும். ஆகவே எங்கள் சாலில் வீணை வாசிக்கும் பூனை இல்லை! முடிவு சரியாகத்தான் பிறந்திருக்கிறது. ஆனால் அந்த மூன்று வாக்கியங்களில் எது மெய், எது பொய் என்று தர்க்கம் கவலைப்படவே இல்லை. இவற்றை ஒப்புக்கொண்டால் அதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும், அவ்வளவுதான். வாக்கியங்கள் அபத்தமாக இருப்பதால் 'ஆமாம், எனக்குத் தெரியும்' என்று நாம் தாவிவிட முடியாது. ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியிருக்கிறது.

இப்போது நம் ஊர்க்காரர் ஒருவர். ஒரு விதத்தில் நம் ஊர். அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஜூன் 27 அன்று மதுரையில் பிறந்தார். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. லண்டனில் ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். வேசன் பின்னாளில் வேலை பார்த்ததும் அதே கல்லூரிதான். டி மார்கன் 'ஃபார்மல் லாஜிக்' என்ற நூலை 1847இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஜார்ஜ் பூல் என்பவரும் தர்க்கத்தைக் குறியீட்டுக் கணக்காக மாற்றி ஒரு நூல் வெளியிட்டார். வயதைக் கேட்டால் டி மார்கன் நேராகச் சொல்ல மாட்டார். எக்ஸ் ஸ்கொயர் என்ற ஆண்டில் எனக்கு எக்ஸ் வயது என்பார். 43 பெருக்கல் 43 எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது 1980இல் பிறந்திருந்தால் அவர்களும் இப்படிப் பீற்றிக்கொள்ளலாம்.

டி மார்கன் பெயரில் இரண்டு விதிகள் இருக்கின்றன. ஜூலை மாதத்து அடைமழை நாள். பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்: 'சென்ட்ரல் லைனும் ஓடுகிறது, ஹார்பர் லைனும் ஓடுகிறது.' அந்தச் செய்தி பொய் என்று பிறகு தெரிகிறது. உடனே நாம் என்ன நினைக்கிறோம்? இரண்டும் நின்றுவிட்டது! அது தவறு. இரண்டில் ஒன்றாவது நின்றிருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரியும். சயானில் தண்ணீர் ஏறி சென்ட்ரல் மட்டும் நின்றிருக்கலாம். செம்பூர்க்காரர்கள் நிம்மதியாக வீடு போயிருக்கலாம். மாறாக அக்கா, 'சென்ட்ரல் அல்லது ஹார்பர், ஏதோ ஒன்றாவது ஓடுகிறது' என்று சொல்லி, அது பொய்யாகியிருந்தால்? அப்போதுதான் இரண்டும் நின்றதாக அர்த்தம். 'உம்' போட்ட வாக்கியத்தை மறுத்தால் 'அல்லது' வரும், 'அல்லது' போட்டதை மறுத்தால் 'உம்' வரும். இவ்வளவுதான் இரண்டு விதிகளும்.

டி மார்கனின் நூலை உங்களுக்குப் படிக்கச் சொல்ல மாட்டேன், அது வறட்டு நடை. அவர் விதிகள் உங்களைத் தேடி வரும். மகாராஷ்டிரத்தில் பிளஸ் டூவுக்குச் சமமான பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகம் பால்பாரதி வெளியிடுவது. அதன் முதல் பாகத்தில் முதல் பாடமே கணிதத் தர்க்கம்தான். அதோடு முடியவில்லை. நம் மாநில வாரியத்தில் பதினொன்று, பன்னிரண்டில் கலைப் பிரிவு மாணவர்கள் 'லாஜிக்' என்று தனிப் பாடமே எடுத்துக்கொள்ளலாம். பதினொன்றாம் வகுப்புக்கான புதிய பால்பாரதி லாஜிக் நூல் 2019இல் வந்தது, பன்னிரண்டுக்கானது அடுத்த ஆண்டு. மெய்-பொய் அட்டவணை போடுவது எப்படி, போலி வாதங்களை எப்படி இனம் காண்பது எல்லாம் இந்த நூல்களில் உண்டு. பால்பாரதி தளத்தில் பிடிஎஃப் இலவசம். எட்டாவது, ஒன்பதாவது படிப்பவர்கள் தாராளமாகத் திறந்து பார்க்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். சிபிஎஸ்இ பிள்ளைகளின் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் இருந்த 'மேத்தமேட்டிகல் ரீசனிங்' பாடத்தை என்சிஇஆர்டி அண்மையில் எடுத்துவிட்டது. பாடச்சுமையைக் குறைத்தார்களாம். குறைக்க வேறு பாடம் கிடைக்கவில்லையா என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் ஏதாவது இருக்கிறதா என்று தாராவி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழ் 1987 முதல் வருகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் நடத்துவது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர்களில் ஆர். ராமானுஜம் ஒருவர். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது அவருடைய ஆராய்ச்சித் துறையே தர்க்கம்தான். பழைய இதழ்கள் கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு தமிழ் நூலும் இருக்கிறது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது: மணிமேகலை. அமுதசுரபி வைத்திருந்த பெண்ணின் கதையாகத்தான் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவள் வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயக்காரரிடமும் போய், 'உங்கள் கொள்கை என்ன?' என்று கேட்டுக்கொண்டு நடக்கிறாள். பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தர்க்கம் கற்பிக்கிறார். இருபத்தொன்பதாம் காதை ஏறக்குறைய முழுக்கத் தர்க்கப் பாடம்தான். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுப்படியில் அப்படித்தானே? என்று ஒரு வாதத்தைப் பக்கம், ஏது, திட்டாந்தம் என உறுப்புகளாகப் பிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்தது. வாதம் எங்கெல்லாம் கெட்டுப்போகும் என்று பட்டியல். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. மொத்தம் 33 விதமான ஓட்டைகள்.

ஒன்றை மட்டும் பார்ப்போம். 'இந்த இடத்தில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் இந்த இடம் சுடுகிறது.' சரியா? மே மாதம் மத்தியானம் தாராவியில் தகரக் கூரையைத் தொட்டுப் பாருங்கள். நெருப்பே இல்லை, ஆனால் கை பொசுங்கும். முடிவு இல்லாத இடத்திலும் காரணம் வந்து நிற்கிறது. இப்படிப்பட்ட ஏதுவை அநைகாந்திகம் என்று அந்நூல் ஒதுக்குகிறது. அட்டைப் புதிரில் ஏழைப் புரட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டோமே, அதே வேலைதான் இங்கேயும். இந்தக் காதையைத் தனியாகப் படித்தால் தலை சுற்றும். தமிழாசிரியரைப் பக்கத்தில் உட்காரவைத்து உரையோடு படியுங்கள். உ.வே. சாமிநாதையர் 1898இல் அச்சேற்றிய காவியம். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் கிடைக்கிறது.

புத்தகம் எதுவானாலும் விடைப் பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைக்கச் சொல்வேன். ஆங்கிலம் தடுமாறுகிறதா? புதிர்கள் இரண்டு மூன்று வரிதான். அக்காவோடு உட்கார்ந்து தமிழில் சொல்லிப் பாருங்கள். தம்பிக்கோ தங்கைக்கோ புரியும்படி ஒரு புதிரைச் சொல்ல முடிந்துவிட்டால் பாதி விடை உங்கள் கையில் வந்திருக்கும். பள்ளியில் நாலு பேர் சேர்ந்தால் ஆசிரியரிடம் கேட்டு, மான்கூர்தில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். செம்பூரிலிருந்து கொஞ்ச தூரம்தான். அறிவியல் ஒலிம்பியாட்களுக்கு நாடெங்குமிருந்து வரும் மாணவர்கள் பயிற்சி எடுக்கிற இடம் அது.

இனி கொஞ்சம் மின்சாரம். 1937இல் கிளாட் ஷானன் என்ற 21 வயது அமெரிக்க மாணவர் தன் ஆய்வேட்டில், பூலின் தர்க்கக் கணக்கும் சுவிட்ச் இணைப்பும் ஒன்றேதான் என்று காட்டினார். இரண்டு சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் இதுவும் அதுவும் போட்டால்தான் விளக்கு எரியும். பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் இது அல்லது அது போதும். உங்கள் கையில் இருக்கும் போன் வரைக்கும் எல்லாக் கணினிகளும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. மேலே சொன்ன பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலும் இந்த சுவிட்ச் படங்கள் இருக்கின்றன.

மாடிப்படி விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒன்று. எதைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். இரண்டும் கீழ்நோக்கி இருந்தால் விளக்கு அணைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு அட்டவணை போட்டால் நான்கு வரிகள் வரும்: கீழ்-கீழ் அணையும், கீழ்-மேல் எரியும், மேல்-கீழ் எரியும், மேல்-மேல் அணையும். இப்போது உங்கள் முறை. சாலுக்கு மூன்று தளம், தளத்துக்கு ஒரு சுவிட்ச், நடுவில் ஒரே ஒரு விளக்கு. எந்தத் தளத்தில் தட்டினாலும் அதன் நிலை மாற வேண்டும். அட்டவணையில் எட்டு வரிகள் இருக்கும். எந்தெந்த வரிகளில் விளக்கு எரியும்? காகிதத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள், மீட்டர் பெட்டிப் பக்கம் யாரும் போக வேண்டாம்.